சட்டனூகா: நாற்பது இலக்குகளின் கணக்கும் திருத்தமும்

ஒரு நகரத்தின் நீண்டகால வாழ்க்கைத்தரத் திட்டத்தைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் தப்பான முனையில் தொடங்குகிறது. "உங்கள் கனவு நகரம் எப்படி இருக்க வேண்டும்?" என்று புதிதாக ஒரு படிவம் அச்சாகிறது. கூட்டம் கூடுகிறது. போன முறை சொன்ன அதே குறைகளை அதே ஆட்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன திட்டத்தில் எழுதியது என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகா இதை வேறு வரிசையில் செய்தது. 1984இல் மக்களைக் கூட்டி 40 இலக்குகளை எழுதியது. 1992இல் அவற்றின் கணக்கை எடுத்தது. 1993இல் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மக்களைக் கூப்பிட்டது. முதல் முறை வந்தவர்கள் சுமார் 1,700 பேர். இரண்டாம் முறை சுமார் 2,600 பேர். இரண்டாம் சுற்றில் கூட்டம் மெலிவதுதான் வழக்கம். இங்கே பெருகியதற்கு, நடுவில் எடுத்த அந்தக் கணக்குதான் முதற்காரணம் என்று நினைக்கிறோம். திட்டத்தைப் புதுப்பிக்கக் கிளம்பும் எந்த ஊரும் இந்த வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும். அதில் இருந்த ஓட்டைகளையும் சேர்த்தே.

நகரம் இருந்த நிலை

சட்டனூகா டென்னசி ஆற்றின் வளைவில், லுக்கவுட் மலைக்கும் மிஷனரி ரிட்ஜுக்கும் நடுவே கிண்ணம்போல் அமைந்த ஊர். வார்ப்பு ஆலைகளும் துணி ஆலைகளும் நிறைந்த தொழில் நகரம். மலை சூழ்ந்த பள்ளத்தில் புகை எழும்பிப் போக வழியில்லை. 1969இல், காற்றில் மிதக்கும் தூசின் அளவில் நாட்டிலேயே மோசமான நகரம் இதுதான் என்று மத்திய அரசின் அறிக்கை சொன்னது. பிரபல செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் நாடு முழுக்கச் சொன்னார். அதே ஆண்டு உள்ளூரில் காற்று மாசுத் தடுப்பு விதிகள் வந்தன. ஆலைகள் வடிகட்டும் கருவிகளைப் பொருத்தின. காற்று தெளிந்தது. ஆனால் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. 1980இல் சுமார் 1.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1990இல் 1.52 லட்சத்துக்கு இறங்கியது.

கூட்டம் நடத்தும் பழக்கம் 1984இல் திடீரென்று முளைத்ததல்ல. 1982இல் ஆற்றோர நிலத்தை என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு பணிக்குழு அமைந்தது. மொக்கசின் பெண்ட் பணிக்குழு என்று பெயர். அது வரிசையாகப் பொதுக்கூட்டங்கள் நடத்தி, 22 மைல் நீள ஆற்றங்கரைக்கு 1985இல் ஒரு பெருந்திட்டம் கொடுத்தது. ஓர் இடத்தைப் பற்றி, வரைபடத்தை மேசையில் விரித்துப் பேசிப் பழகிய மக்கள், அந்தத் திட்டம் வெளிவரும் முன்பே 1984இல் மொத்த நகரத்தைப் பற்றிப் பேச வந்தார்கள். இந்த முன்பயிற்சியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பூங்கா, ஒரு தெரு என்று சின்னதாக ஒன்றை மக்களோடு சேர்ந்து முடித்துக் காட்டாத நிர்வாகம், எடுத்த எடுப்பிலேயே இருபது ஆண்டுத் திட்டத்துக்கு அழைத்தால், நம்பி வர ஆள் கிடைப்பது கடினம்.

1984: இருபது வாரக் கூட்டங்கள்

நடத்தியது மாநகராட்சி அல்ல. சட்டனூகா வென்ச்சர் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. லிண்ட்ஹர்ஸ்ட் அறக்கட்டளை பணம் கொடுத்தது. திட்டத்தின் பெயர் விஷன் 2000. இருபது வாரம் தொடர்ந்த கூட்டங்களில் பேச்சை ஆறு தலைப்புகளில் பிரித்தார்கள்: இடங்கள், வேலை, விளையாட்டும் பொழுதுபோக்கும், மக்கள், அரசு, எதிர்கால வாய்ப்புகள். துறை வாரியாகப் பிரிக்காமல் வாழ்க்கை வாரியாகப் பிரித்தது நல்ல முடிவு. "பொதுப்பணி", "சுகாதாரம்" என்று பிரித்தால் அந்தந்தத் துறையிடம் மனு கொடுக்க வந்தவர்போலப் பேசுவார்கள். "விளையாட்டு" என்று ஒரு மேசை போட்டால், பள்ளிப் பிள்ளைகள் மாலையில் எங்கே போவது என்ற பேச்சு தானாக வரும். அதில் பூங்காவும் பஸ்ஸும் தெருவிளக்கும் போலீஸும் சேர்ந்தே வரும்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஆண்ட்ரே டெல்பெக், ஆண்ட்ரூ வான் டி வென் என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் வகுத்த, முதலில் எழுதிவிட்டுப் பிறகு பேசும் முறையை இன்றும் பரிந்துரைக்கிறோம். ஒரு மேசைக்கு எட்டுப் பேர்; பத்தைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு கேள்வி. முதல் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. ஆளுக்கு ஓர் அட்டையில் எழுதுகிறார்கள். பிறகு வட்டமாக ஒவ்வொருவரும் ஒரு கருத்தை மட்டும் படிக்க, அது சார்ட்டில் ஏறுகிறது. இன்னொன்று சொல்ல அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது வாதம் கிடையாது. எல்லாம் ஏறிய பிறகு விளக்கம் கேட்கலாம். கடைசியில் ஆளுக்கு ஐந்து வட்ட ஸ்டிக்கர். முக்கியம் என்று படுவதற்கு ஒட்டிவிட்டுப் போகலாம். இரண்டு மணி நேரத்தில் முடியும். குரல் பெரிதாக உள்ளவர் கூட்டத்தை விழுங்காமல் தடுப்பது அந்தப் பத்து நிமிட மௌனம்தான். நேரம் போதவில்லை என்று அதை வெட்டுகிற ஒருங்கிணைப்பாளர் மொத்தக் கூட்டத்தையும் கெடுக்கிறார்.

அடுத்த ஆபத்து, எழுதுகிறவரின் மார்க்கரில் இருக்கிறது. "இரவு ஏழு மணிக்கு மேல் எங்கள் பக்கம் பஸ் இல்லை, ஷிப்ட் முடிந்து நடந்துதான் வருகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். சார்ட்டில் "போக்குவரத்து மேம்பாடு" என்று ஏறுகிறது. நேரம், இடம், ஆள், காரணம் நான்கும் அங்கேயே செத்துப்போயின. ஆறு மாதம் கழித்துத் திட்ட அறிக்கையில் "பொதுப் போக்குவரத்தை வலுப்படுத்துதல்" என்று வரும். சொன்னவருக்கு அது தன் வார்த்தை என்றே தெரியாது. ஆகவே எழுதுகிறவருக்கு ஒரே விதி: சொன்னவரின் சொல்லிலேயே எழுது, சுருக்க வேண்டுமானால் அவரையே சுருக்கச் சொல். ஒவ்வோர் அட்டைக்கும் எண் போட வேண்டும். கருத்துகளைத் தொகுத்து இலக்குகளாக்கும்போது எந்த இலக்குக்குள் எந்தெந்த எண் அட்டைகள் போயின என்று ஒரு தாளில் இருக்க வேண்டும். எண் இல்லாமல் தொகுத்தால், "என் கருத்தைக் காணோமே" என்று கேட்கிறவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

இலக்குக்கு ஆள் வைத்தது

நாற்பது இலக்குகள் எழுதியதோடு நின்றிருந்தால் சட்டனூகாவைப் பற்றி இன்று பேச மாட்டோம். அடுத்த சில ஆண்டுகளில் வேலையைத் தலையில் சுமக்கத் தனித்தனி அமைப்புகள் பிறந்தன. 1986இல் ஆற்றங்கரையையும் நகர மையத்தையும் கவனிக்க ரிவர் சிட்டி நிறுவனம். அதே ஆண்டு, வாழத் தகுதியற்ற வீடுகளைச் சீராக்கவும் குறைந்த வருமானக்காரர்களுக்கு வீட்டுக் கடன் கிடைக்கவும் சட்டனூகா நெய்பர்ஹுட் எண்டர்பிரைஸ். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்பதும் மக்கள் கேட்டதுதான், அதுவும் வந்தது. சுமார் 4.5 கோடி டாலரில் கட்டிய டென்னசி அக்வேரியம் 1992 மே 1 அன்று திறந்து, முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஈர்த்தது. எல்லாரும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வால்நட் தெருப் பாலம். 1890களின் தொடக்கத்தில் கட்டிய, 2,376 அடி நீளமுள்ள இரும்புப் பாலம். ஆபத்து என்று 1978இல் வாகனங்களுக்கு மூடினார்கள், இடிப்பதாகத்தான் முடிவு. நடந்து போகவாவது அதை விட்டுவைக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் விடாமல் பிடித்தார்கள். இடிப்பதற்கு வைத்திருந்த பணத்தைப் பழுதுபார்க்கத் திருப்பினார்கள்; பாலத்தில் பதிக்கும் பெயர்ப்பட்டைகளை மக்களுக்கு விற்றும் நிதி திரட்டினார்கள். 1993இல் அது நடப்பவர்களுக்கான பாலமாகத் திறந்தது. வடகரையில் கடைகளும் குடியிருப்பும் உயிர் பெற்றன. இடிக்க ஆகும் செலவையும் காக்க ஆகும் செலவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் எந்தத் திட்டக் குழுவுக்கும் வேண்டும். இடிப்பும் இலவசம் அல்ல என்பதை அந்தத் தாள்தான் காட்டும்.

1992: கணக்கெடுப்பு

எட்டு ஆண்டு கழித்து எடுத்த கணக்கு இது: 40 இலக்குகளில் 37 முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேறின. 223 திட்டப்பணிகள் நடந்தன. முதலீடு 79.3 கோடி டாலர். புதிதாக வந்த நிரந்தர வேலைகள் 1,381.

இந்தக் கணக்கை எடுத்ததற்காகவே அந்த ஊரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அப்படியே பின்பற்றக் கூடாது. அதில் இரண்டு பழுது இருக்கிறது. "முழுமையாகவோ பகுதியாகவோ" என்பது இரண்டு வேறு பொருள்களை ஒரே கூடையில் போடுகிறது. ஒரு புகலிடம் கட்டித் திறந்ததும், வீட்டுவசதிக்கு ஓர் அமைப்பு தொடங்கியதும் ஒரே வரிசையில் நின்றுவிடும். ஓட்டை வீடுகளில் இன்னும் குடியிருப்பவருக்கு இரண்டாவது இன்னும் நடக்காதது. முதலீட்டுத் தொகையும் அப்படித்தான். திட்டம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய பணம் அதில் எவ்வளவு என்று பிரிக்காதவரை, அது ஊரில் செலவான பணத்தின் அளவே தவிர திட்டத்தின் பலன் அல்ல.

நாங்கள் சொல்லும் கணக்கு நான்கு கட்டம் கொண்டது: முடிந்தது, நடக்கிறது, நின்றுபோனது, இனித் தேவையில்லை. "நடக்கிறது" என்ற கட்டத்துக்குள் ஓர் இலக்கை வைக்க, கடந்த பன்னிரண்டு மாதத்தில் அதற்குச் செலவான தொகையும் இப்போது பொறுப்பில் இருப்பவரின் பதவியும் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது நின்றுபோனதுதான். நின்றுபோனதற்கு ஒரே வரியில் காரணம் எழுத வேண்டும்: பணமா, நிலமா, வழக்கா, மேலே அனுமதி கிடைக்கவில்லையா, ஆளே இல்லையா. "இனித் தேவையில்லை" என்ற கட்டம் மிக முக்கியம். அதை நிரப்ப அதிகாரிகள் தயங்குவார்கள், பழைய இலக்கைக் கைவிட்டதாகப் பேர் வரும் என்று. கைவிட்டதை வெளியே சொல்லாத திட்டம் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பருத்துக்கொண்டே போய்க் கடைசியில் யாரும் படிக்காத தடிமனுக்கு வந்துவிடும்.

பின்னே கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு: முடிந்த இலக்கால் யாருக்கு என்ன மாறியது? இதற்கு எண் போதாது. பணி நடந்த இடத்திலேயே ஒரு கூட்டம் போட்டு, பயன்படுத்துகிறவர்களையே மதிப்பெண் போடச் சொல்வது நல்லது. தலைமை அலுவலகக் கூடத்தில் நடத்தும் மதிப்பீட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

1993: திருத்தம்

ரிவிஷன் 2000 என்ற பெயரில் நடந்த இரண்டாம் சுற்றில் 27 இலக்குகளும் 122 பரிந்துரைகளும் பிறந்தன. இலக்குகள் குறைந்ததைக் கவனியுங்கள். ஓர் இலக்குக்குச் சராசரியாக நான்கைந்து பரிந்துரை என்ற கணக்கு. கனவைச் சொல்லும் வாக்கியம் குறைவாகவும், அதை அடையும் வேலைகள் அதிகமாகவும் இருப்பது இரண்டாம் திட்டத்துக்கு ஏற்ற வடிவம். இன்னும் அகலமாக ஆசைப்பட வேண்டும் என்ற ஆர்வத்தில் 40ஐ 80 ஆக்கியிருந்தால் அந்தத் திட்டத்தைத் தூக்கிச் செல்ல ஆள் இருந்திருக்காது.

பரிந்துரையை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம்: யார், எங்கே, எதை, எந்த ஆண்டுக்குள், எதை வைத்து அளப்பது. ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அது பரிந்துரை அல்ல, ஆசை. "யார்" என்பதில் "சம்பந்தப்பட்ட துறைகள்" என்று எழுதியிருந்தால் அதைக் காலி என்றே கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை மக்கள் கூட்டத்தில் நடத்தக் கூடாது. அவர்கள் வந்தது தேவையைச் சொல்ல. தொகுத்த பிறகு, பொறுப்பேற்கப் போகிற அமைப்புகளை உட்கார வைத்து நடத்த வேண்டும். ஏற்க மறுப்பவர் மறுக்கும் காரணத்தையும் எழுதி வாங்க வேண்டும். அது அடுத்த கணக்கெடுப்பில் உதவும்.

வந்தவர்கள் யார்

1,700 என்பது அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். 2,600 என்பது நூற்றுக்கு 1.7 பேர். ஒரு நகரக் கூட்டத்துக்கு இது நல்ல எண்ணிக்கைதான். ஆனால் எண்ணிக்கை பிரதிநிதித்துவம் ஆகாது.

இதற்குச் சட்டனூகாவிலேயே கூர்மையான சான்று இருக்கிறது. விஷன் 2000 நடந்தபோது ஊரை ஆண்டது மேயரும் நான்கு கமிஷனர்களும் கொண்ட குழு. வார்டு கிடையாது, மொத்த நகரமும் சேர்ந்து ஒவ்வொருவரையும் தேர்ந்தெடுக்கும். மக்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். வெள்ளையர் பெரும்பான்மை ஒன்றாக வாக்களித்தால் கறுப்பினத்தவரின் வேட்பாளர் ஜெயிப்பது மிகக் கடினம். கறுப்பின மக்கள் 1987இல் வழக்குத் தொடுத்தார்கள். இந்த முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று மத்திய நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. 1990இல் ஒன்பது தொகுதிகளைக் கொண்ட நகர மன்றம் வந்தது. ஆக, ஊரின் ஆட்சிமுறையில் நடந்த மிகப் பெரிய மாற்றத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் போதவில்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. கூட்டத்தில் எல்லாரும் இணக்கமாகப் பேசினார்கள் என்பதை வைத்து ஊரில் சமத்துவம் இருக்கிறது என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. கையெழுத்துத் தாளில் பெயரோடு வசிக்கும் பகுதியையும் வயது வரம்பையும் வாங்கி, வாரம் ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஒரு பகுதியிலிருந்து வந்தவர்களின் விகிதம் அதன் மக்கள்தொகைப் பங்கில் பாதிக்கும் கீழே இருந்தால், அடுத்த கூட்டம் அந்தப் பகுதியில்தான் நடக்க வேண்டும்: அங்குள்ள தேவாலயக் கூடத்திலோ பள்ளியிலோ, ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், சாப்பாடு, வீடு திரும்ப வண்டி, இம்மூன்றுக்கும் கூட்டச் செலவில் முன்கூட்டியே தொகை ஒதுக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் இளம் தாய்மாரும் தினக்கூலிக்காரர்களும் வர மாட்டார்கள். கூட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை; அப்போது கிடைப்பது வருத்தம் தெரிவிக்கும் ஒரு பின்னிணைப்பு மட்டும்தான்.

2009: இருபத்தாறாயிரம் பதில்

பதினாறு ஆண்டு கழித்து ஸ்டாண்ட் என்ற முயற்சி இன்னொரு வழியைப் பிடித்தது. கூட்டத்துக்கு அழைக்காமல் நான்கு திறந்த கேள்விகளோடு மக்களிடமே போனார்கள்: இந்தப் பகுதியில் உங்களுக்குப் பிடித்தது எது, மிகச் சிறந்த நிலையில் இதைக் கற்பனை செய்து சொல்லுங்கள், சமாளிக்க வேண்டிய சவால்கள் எவை, உங்களால் என்ன செய்ய முடியும். 26,263 பேர் பதில் கொடுத்தார்கள். நகர எல்லையைத் தாண்டிச் சுற்றுவட்டாரமும் சேர்ந்த எண் இது.

நான்காவது கேள்வி அருமையானது. அதை விடக் கூடாது. ஆனால் திறந்த கேள்வியின் செலவை முன்பே கணக்கிட வேண்டும். எல்லாரும் நான்குக்கும் எழுதியிருந்தால் 1,05,052 பதில்கள். ஒன்றைப் படித்துத் தலைப்புக் குறியீடு போட அரை நிமிடம் என்றாலே 875 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு 22 வாரம். பத்தில் ஒரு பங்கை இன்னொருவரும் தனியாகக் குறியிட்டு, இருவரும் ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பது அவசியம். அது இன்னும் இரண்டு வாரம். இதற்கு ஆள் ஒதுக்காத ஊர்களில் கடைசியில் அடிக்கடி வந்த சொற்களைப் பெரிதாகக் காட்டும் ஒரு படம்தான் மிஞ்சுகிறது. "வேலை" என்ற சொல் பெரிதாக நிற்கும். எந்த வேலை, யாருக்கு, எங்கே என்பது இருக்காது. முதல் 300 பதில்களைப் படித்த பிறகே குறியீட்டுப் பட்டியலை உருவாக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து முன்கூட்டியே உருவாக்கினால் எதிர்பார்த்ததே திரும்ப வரும்.

படிவத்தில் இன்னொரு குறையும் உண்டு. அதில் ஒருவர் இன்னொருவரைச் சந்திப்பதில்லை. மரம் வேண்டும் என்பவரும் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பவரும் ஒரே தெருவைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரும்போது அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அகலத்துக்குப் படிவம், முடிவுக்கு மேசை. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மேசையைத் தேர்ந்தெடுப்போம்.

கால அளவும் காவலும்

நடுத்தர நகரம் ஒன்று இந்த வேலையை ஒழுங்காகச் செய்யப் பதினைந்து மாதம் வேண்டும்: பழைய கணக்குக்கு மூன்று, அதை மக்கள் முன் வைக்க ஒன்று, கூட்டங்களுக்கு ஐந்து, தொகுத்து எழுத இரண்டு, பொறுப்பு பேச இரண்டு, வரைவைத் திரும்ப மக்களிடம் காட்டித் திருத்த இரண்டு. இதில் முதலில் வெட்டப்படுவது எப்போதும் கடைசி இரண்டு மாதம். தேர்தல் நெருங்கினால் அது உறுதி. ஆகவே தொடங்கும் தேதியைத் தேர்தல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிக்க வேண்டும். புதிய மன்றம் பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. ஏற்றுக்கொண்டவர்களே அதைச் செய்துபார்க்கவும் காலம் இருக்கும்.

காவல் என்ற விஷயத்தில் சட்டனூகா தடுமாறியது. சட்டனூகா வென்ச்சர் 1990களிலேயே ஓய்ந்துபோனது. அது பெற்றெடுத்த அமைப்புகள் பல நிலைத்தன. ஆனால் 27 இலக்குகளையும் 122 பரிந்துரைகளையும் மொத்தமாகக் கண்காணிக்க, 1992இல் எடுத்ததுபோல் ஒரு கணக்கைத் திரும்ப எடுக்க, அதற்கென்றே இருந்த அமைப்பு இல்லாமல் போயிற்று. 2009இல் வெள்ளைத்தாளிலிருந்து தொடங்க வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் அமைப்புக்குச் சுதந்திரம் உண்டு, ஆயுள் உறுதி இல்லை. மாநகராட்சித் துறைக்கு ஆயுள் உண்டு, தன் குறையைத் தானே எழுதும் துணிவு குறைவு. இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது ஒன்று: கணக்கெடுக்கும் கடமையையும் தேதியையும் மன்றத் தீர்மானத்திலேயே எழுதி, அதற்கான தொகையை ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாகப் போட்டு, எடுக்கும் வேலையை வெளி அமைப்பிடம் ஒப்பந்தமாகக் கொடுப்பது. அட்டைகள், எண் தாள்கள், கையெழுத்துத் தாள்கள் எல்லாவற்றின் ஒரு படியைப் பொது நூலகத்தில் வைக்க வேண்டும். நடத்திய அமைப்பு மூடினாலும், அடுத்த முறை வேலையை எடுத்துச் செய்பவர் அந்த அலமாரியிலிருந்து தொடங்கலாம்.